வளைவில் கார் சாய்வதைக் குறைப்பது எப்படி? கேள்வி பதில்

ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்களும் அதை வாங்க ஆசைப்படுபவர்களும் அனுப்பிய கேள்விகளில் சாய்வு பற்றியவற்றை மட்டும் எடுத்துப் பதில் சொல்கிறேன். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

பொள்ளாச்சியிலிருந்து: வணக்கங்ணா. ரெண்டு சீட்டு ஸ்போர்ட்ஸ் கார் ஒண்ணு செகண்ட் ஹேண்டில் எடுத்திருக்கேன், பத்து வருஷ வண்டி. ஆழியாறு தாண்டி வால்பாறை ரோட்டில் ஏறினா 40 கொண்டை ஊசியிலும் டவுன் பஸ் மாதிரி சாயுது. எதை மாத்தட்டும்?

இப்போதைக்கு எதையும் மாற்ற வேண்டாம் தம்பி. இருப்பது ஒழுங்காக வேலை செய்கிறதா என்று முதலில் பாருங்கள். இடது வலது சக்கரங்களின் சஸ்பென்ஷனை இணைத்து, பாடி சாயும்போது முறுகி அதை எதிர்க்கும் தண்டுதான் ஸ்டெபிலைசர் பார். அதைச் சஸ்பென்ஷனோடு இணைக்கும் லிங்க் ராடில் பால் ஜாயின்ட் தேய்ந்து ஆட்டம் வந்திருந்தால், கார் கொஞ்சம் சாய்ந்து அந்த ஆட்டம் தீர்ந்த பிறகுதான் பார் முறுக்கவே ஆரம்பிக்கும், அதுவரை பார் இருந்தும் இல்லாத மாதிரிதான். பாரைச் சேஸியோடு பிடித்திருக்கும் ரப்பர் புஷ் போனாலும் இதே கதை. ஒரு பக்கச் சக்கரம் மட்டும் பள்ளத்தில் இறங்கி ஏறும்போது டக் டக்கென்று சத்தம் வந்தால் இந்த இரண்டில் ஒன்றாக இருக்க வாய்ப்பு அதிகம். அப்புறம் ஷாக் அப்சார்பரில் ஆயில் கசிவு இருக்கிறதா, டயர் காற்று கம்பெனி சொன்ன அளவில் இருக்கிறதா என்று பாருங்கள். காற்றை வண்டி ஓடிச் சூடான பிறகு அளக்காதீர்கள், காலையில் எடுப்பதற்கு முன் அளக்க வேண்டும். பத்து வருஷ வண்டியில் இவற்றைச் சரி செய்தாலே பலருக்கு வேறு எதுவும் தேவைப்படுவதில்லை.

பீளமேட்டிலிருந்து ஒரு இன்ஜினியரிங் மாணவர்: கார் சாய்வதால்தானே சார் எடை வெளிப்பக்கச் சக்கரங்களுக்குப் போகிறது? சாய்வை நிறுத்திவிட்டால் எடை மாறுவதும் நின்றுவிடுமா?

நிற்காது. இந்த விஷயத்தில் அனுபவசாலிகளே குழம்புகிறார்கள், அதனால் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். கார் 1,200 கிலோ, ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 50 செ.மீ. உயரம், இடது வலது சக்கரங்களுக்கு நடுவில் 150 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். 0.8 ஜி (ஈர்ப்பு விசையில் 0.8 பங்கு) பக்க விசையில் திரும்பினால் வெளிப்பக்கத்துக்கு மாறும் எடை 1,200 × 0.8 × 50 ÷ 150, அதாவது 320 கிலோ. இந்தக் கணக்கில் ஸ்பிரிங் எங்கேயாவது வருகிறதா, பார் வருகிறதா? இரண்டும் இல்லை. சஸ்பென்ஷனே இல்லாத கோ-கார்ட்டிலும் எடை மாறத்தான் செய்யும். சாயும்போது ஈர்ப்பு மையம் வெளிப்பக்கம் நகர்வதால் இன்னும் கொஞ்சம் கூடும், ஆனால் அது சின்னத் தொகை.

அப்படியென்றால் சாய்வை ஏன் குறைக்க வேண்டும் என்று கேட்பீர்கள். பாடி சாயும்போது வெளிப்பக்கச் சக்கரமும் கூடவே வெளியே சாய்கிறது, முக்கியமாக முன்னால் மெக்பர்சன் ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒரே தூணாகச் சேர்ந்த அமைப்பு) உள்ள கார்களில். அப்போது டயரின் அகலம் முழுவதும் ரோட்டில் படியாமல் வெளி ஓரம் மட்டும் பாரத்தைச் சுமக்கும். நமக்கு வேண்டியது டயர் தட்டையாகப் படிவது, பாடி எவ்வளவு சாய்ந்தது என்பது அதற்கு அடுத்துதான். இன்னொரு காரணம், இடது வலது என்று மாறி மாறி வரும் வளைவுகளில் ஒரு பக்கம் சாய்ந்த கார் மறுபக்கம் வந்து நிலைக்க நேரம் எடுக்கும், ஸ்டீயரிங் மந்தமாகத் தெரியும்.

காரை 30 மி.மீ. இறக்கினால் அந்த 320 கிலோ ஏறக்குறைய 301 ஆகும், அவ்வளவுதான். அதோடு ஸ்ட்ரட் வண்டியில் ஒரு சிக்கல் இருக்கிறது. காரை இறக்கும்போது ஈர்ப்பு மையத்தை விட ரோல் சென்டர், அதாவது பாடி எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அது, வேகமாகக் கீழே போய்விடும். இரண்டுக்கும் இடையே உள்ள தூரம்தான் பாடியைச் சாய்க்கும் நெம்புகோல், அது நீண்டுவிடும். அதே ஸ்பிரிங் விறைப்போடு இறக்கினால் கார் முன்பைவிட அதிகமாகச் சாயவும் கூடும்.

திருப்பூரிலிருந்து: அண்ணா, லோயரிங் ஸ்பிரிங் விலை ஜாஸ்தி. இருக்கிற ஸ்பிரிங்கிலேயே ஒண்ணரைச் சுருள் அறுத்துவிட்டா என்னங்க?

வேண்டாங்க. அறுத்த ஸ்பிரிங் கொஞ்சம் விறைப்பாகும் என்பது உண்மைதான், ஆனால் சக்கரம் மேலே ஏறுவதற்கான இடம் அதைவிடக் குறைந்துவிடும். வளைவின் நடுவில் ஒரு சின்ன மேடு வந்தாலே சக்கரம் ஏறும் எல்லையில் இருக்கும் பம்ப் ஸ்டாப் என்ற தடுப்பில் போய் முட்டும், அந்த நொடியில் அந்த மூலை திடீரென்று பாறையாகி டயர் பிடி விட்டுவிடும். சக்கரம் தொங்கும்போது ஸ்பிரிங் அதன் இருக்கையிலிருந்து நழுவுவதற்கும் வழி உண்டு. காசு சேரும்வரை கம்பெனி ஸ்பிரிங்கிலேயே ஓட்டுங்கள்.

ஈரோட்டிலிருந்து: பெரிய ஸ்டெபிலைசர் பார் போடலாம்னு இருக்கேன். எவ்வளவு தடிமன், முன்னாலயா பின்னாலயா? திம்பம் அடிக்கடி போவேன்.

சாய்வை மட்டும் குறைத்து, நேர் ரோட்டில் சொகுசை அதிகம் கெடுக்காத வழி இதுதான், ஸ்பிரிங் மாற்றுவதற்கு முன் நான் இதைத்தான் சொல்வேன். ஆனால் தடிமனைப் பார்த்து ஏமாறாதீர்கள். பாரின் விறைப்பு விட்டத்தின் நான்காம் அடுக்கில் கூடும், அதனால் 20 மி.மீ. பாரை எடுத்துவிட்டு 22 மி.மீ. போட்டால் விறைப்பு 46 சதவீதம் ஏறிவிடும், கையில் பிடித்துப் பார்த்தால் வித்தியாசமே தெரியாது. உள்ளே குழலாக இருக்கும் பார் என்றால் சுவரின் கனத்தையும் கேளுங்கள்.

முன்னா பின்னா என்பதுதான் பெரிய விஷயம். மொத்தமாக மாறும் எடை அதேதான் என்று மேலே சொன்னேன், அதில் முன்னுக்கு எவ்வளவு பின்னுக்கு எவ்வளவு என்று பங்கு பிரிப்பதுதான் பாரின் வேலை. எந்தப் பக்கத்தை விறைப்பாக்குகிறீர்களோ அந்தப் பக்கம் முதலில் பிடி விடும். முன்னால் விறைப்பு கூடினால் ஸ்டீயரிங் திருப்பியும் மூக்கு நேராகப் போகும், பின்னால் கூடினால் வால் சுழலும். முன்சக்கர இழுவை உள்ள கார்கள் இயல்பாகவே மூக்கு தள்ளும் வகை, அதனால் பின்னால் கொஞ்சம் விறைப்பு கூட்டினால் நன்றாகத் திரும்பும். போலோ, ஸ்விஃப்ட் மாதிரிக் கார்களில் பின்னால் உள்ள ட்விஸ்ட் பீம் (இரண்டு பின்சக்கரங்களையும் இணைத்து முறுகும் குறுக்குச் சட்டம்) பாதி பார் வேலையைத் தானே செய்துகொண்டிருக்கிறது என்பதையும் கணக்கில் வையுங்கள். அந்த வகைக் காரில் முன்னால் தடித்த பாரைப் போட்டுவிட்டு திம்பத்தின் 27 வளைவுகளில் ஏறினால், உள்பக்க முன்சக்கரம் லேசாகி, ஆக்சிலரேட்டர் மிதித்தவுடன் வெறுமனே சுற்றும்.

பின்சக்கர இழுவை என்றால் பின்பக்கத்தில் கை வைக்கும்போது நிதானம் வேண்டும். காய்ந்த ரோட்டில் கூர்மையாகத் திரும்பும் கார் மழை நேரத்தில் சொல்லாமல் சுழன்றுவிடும். எதிரில் லாரி வரும் மலைப்பாதையில் கொஞ்சம் மூக்கு தள்ளும் காரே எனக்குப் பிடிக்கும். மூன்று ஓட்டை வைத்து விறைப்பை மாற்றக்கூடிய பார் கிடைத்தால் மென்மையான ஓட்டையில் ஆரம்பியுங்கள்.

கோபியிலிருந்து: பானெட்டுக்குள் ஸ்ட்ரட் பார் போட்டால் சாய்வு குறையுமா?

குறையாது. ஸ்ட்ரட்டுகளின் மேல் முனைகள் அசையாமல் பிடிக்கும், பழைய பாடியில் ஸ்டீயரிங் கொஞ்சம் தெளிவாகலாம். பானெட் திறந்து காட்ட நன்றாக இருக்கும்.

நாமக்கல்லிலிருந்து: காயில்ஓவர் (உயரம் மாற்றக்கூடிய ஸ்பிரிங்-ஷாக் செட்) போட்டு, டேம்பரை முழுக்க டைட் பண்ணிட்டேங்க. கொல்லிமலையில் சாய்வு குறைஞ்ச மாதிரிதான் இருக்கு, ஆனா ரோடு கொஞ்சம் கெட்டிருந்தா கார் துள்ளித் துள்ளி வெளியே போகுது.

டேம்பர், அதாவது ஷாக் அப்சார்பர், சாய்வின் வேகத்தைத்தான் குறைக்கும், அளவை அல்ல. 70 கொண்டை ஊசிகளில் எந்த வளைவிலும் நீண்ட நேரம் நிலையாக நிற்பதில்லை, கார் முழுதாகச் சாய்வதற்குள் வளைவு முடிந்துவிடுவதால் குறைந்த மாதிரித் தெரிகிறது. முழுக்க டைட் செய்ததில் மேடு தாண்டிய சக்கரம் திரும்ப ரோட்டுக்கு வரத் தாமதமாகிறது, காற்றில் இருக்கும் டயருக்கு ஏது பிடி? முழு மென்மைக்குக் கொண்டுவந்து, பாடி ஊஞ்சலாடுவது நிற்கும்வரை இரண்டு இரண்டு க்ளிக்காகக் கூட்டுங்கள். ரேஸ் டிராக்கில் விறைப்பான கார் ஜெயிக்கும், நம்ம மலை ரோட்டில் சக்கரம் தாராளமாக ஏறி இறங்கும் கார்தான் வேகமும் கூட.

சூலூரிலிருந்து ஒரு சகோதரி: எங்க வீட்டுக்காரர் கார் ஓட்டினா கோத்தகிரி போறதுக்குள்ள எனக்கு வாந்தி வந்துடுதுங்க. சாய்வைக் குறைச்சா சரியாகுமா?

கொஞ்சம் குறையலாம்ங்க, ஆனால் பாகம் வாங்குவதற்கு முன் அவரையே மாற்றிப் பாருங்கள். வளைவுக்கு முன்னால் நேர் ரோட்டிலேயே பிரேக்கை முடித்துவிட்டு, ஸ்டீயரிங்கை ஒரே வீச்சில் மெதுவாகத் திருப்பி, வளைவு முழுக்க ஒரே அளவில் பிடிக்கச் சொல்லுங்கள். நடுவளைவில் பிரேக் அடிப்பதும் கையைத் திருத்தித் திருத்தி ஒடிப்பதும்தான் வயிற்றைப் புரட்டும்.

கரூரிலிருந்து: இதெல்லாம் மாத்தினா ஆர்டிஓ பிரச்சினை வருங்களா?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, கம்பெனி கொடுத்த விவரத்திலிருந்து வண்டியை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. தேய்ந்த புஷ், லிங்க், ஷாக்கை அதே வகையில் புதிதாகப் போடுவது பராமரிப்பு. காரை இறக்குவது, காயில்ஓவர் போடுவது போன்றவற்றை ஆர்டிஓவிலும் இன்ஷூரன்ஸிலும் எழுத்தில் கேட்டுக்கொண்டு செய்யுங்கள்.

கோவையிலிருந்து: மாத்தின பிறகு சரியா வந்திருக்கான்னு எங்க, எப்படிப் பாக்கறது?

மலைப்பாதையில் பார்க்காதீர்கள். செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வே ரேஸ் டிராக்கில் பொதுமக்கள் ஓட்டும் நாள் அறிவித்தால் பதிவு செய்து போங்கள். கார் எவ்வளவு சாய்கிறது என்பதை நண்பர் வெளியே நின்று வீடியோ எடுத்தால் போதும். டயரைப் பார்ப்பதுதான் முக்கியம். முன்டயரின் ஓரத்தில் சாக்பீஸால் கோடு போட்டு நாலைந்து சுற்று ஓட்டுங்கள், கோடு பக்கச்சுவர் வரை அழிந்திருந்தால் டயர் மடங்குகிறது, காற்று குறைவு அல்லது கேம்பர் (சக்கரத்தின் மேல்பக்கம் உள்ளே சாய்ந்திருக்கும் அளவு) போதவில்லை. உள் ஓரம், நடு, வெளி ஓரம் என்று டயரின் சூட்டை வெப்பமானியால் அளக்க முடிந்தால் இன்னும் நல்லது, ஆனால் வண்டி உள்ளே வந்த உடனே அளக்க வேண்டும். வெளி ஓரம் மட்டும் அதிகச் சூடாக இருந்தால் அலைன்மென்ட் கடையில் நெகட்டிவ் கேம்பரை அரை டிகிரி கூட்டச் சொல்லிவிட்டு மறுபடி ஓட்டிப் பாருங்கள்.