அப்பாவின் கட்டுரைகளும் பழைய எடிட்டரும்

அன்புள்ள அக்கா,

அப்பா ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். எங்கள் ஊர் ஏரி, மடை, பழைய குடும்பங்கள் பற்றி 2001 முதல் கணினியில் எழுதிவருகிறார். சிடியில் வந்த ஒரு தமிழ் எடிட்டர்தான் அவருக்குப் பழக்கம். விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்துவிட்டதால் விண்டோஸ் 11-க்கு மாறினேன். சிடியைப் போட்டால், 'இந்த ஆப் உங்கள் கணினியில் இயங்காது' என்று வருகிறது. பழைய நிரல்களை ஓட்ட விண்டோஸில் இருக்கும் கம்பேட்டிபிலிட்டி மோடும் பலிக்கவில்லை. அவர் கட்டுரை ஒன்றை வேறொரு எடிட்டரில் திறந்து சேமித்தேன், வெறும் கேள்விக்குறிகள். இந்த எடிட்டரை மீண்டும் ஓட வைப்பது எப்படி? அப்பாவுக்கு டைப்ரைட்டர் விசைப்பலகைதான் வேண்டுமாம். பழைய கணினியிலிருந்து கழற்றிய ஹார்ட் டிஸ்கை ஃபார்மட் செய்து படங்கள் வைத்துக்கொள்ளலாமா?

— கே.

அன்புள்ள தம்பி,

முதலில் அந்த ஹார்ட் டிஸ்கைப் பீரோவில் வைத்துப் பூட்டுங்கள். ஃபார்மட் என்ற பேச்சே வேண்டாம்.

எடிட்டர் விஷயத்தைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். விண்டோஸ் 11 என்பது 64 பிட் மட்டுமே. அதில் 16 பிட் நிரல்களை, அதாவது மிகப் பழைய விண்டோஸுக்கு எழுதப்பட்டவற்றை, ஓட்டும் பகுதியே கிடையாது. கம்பேட்டிபிலிட்டி மோடில் எதைத் தேர்ந்தெடுத்தாலும் அது வந்துவிடாது. ஆனால் அந்தக் காலத்து சிடிகள் பலவற்றில் செட்டப் மட்டும்தான் 16 பிட், உள்ளே இருக்கும் நிரல் 32 பிட். பழைய டிஸ்கில் புரோகிராம் ஃபைல்ஸுக்குள் இருக்கும் எடிட்டரின் ஃபோல்டரை அப்படியே நகலெடுத்து, எழுத்துருவையும் நிறுவி ஓட்டிப் பாருங்கள். ஓடாவிட்டால், கணினிக்குள் இன்னொரு கணினிபோல் இயங்கும் விர்ச்சுவல்பாக்ஸ் என்ற மென்பொருளில் பழைய 32 பிட் விண்டோஸ் ஒன்றை ஏற்றி அதற்குள் போடலாம். விசைப்பலகை ஒரு பிரச்சினையே இல்லை. இ-கலப்பை என்ற தட்டச்சு மென்பொருளில், இன்று எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிக்கோடுக்கே டைப்ரைட்டர் முறை இருக்கிறது.

சரி, எடிட்டர் ஓடிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அடுத்த விண்டோஸ் வரும்போது என்ன செய்வீர்கள்? அப்பாவின் எழுத்து எதற்காக ஒரு மென்பொருளின் ஆயுளை நம்பி இருக்க வேண்டும்?

நீங்கள் இணைத்திருந்த இன்னொரு கோப்பைப் பார்த்தேன். அது திஸ்கி, யூனிக்கோடு பரவுவதற்கு முன் புழங்கிய ஒரு தமிழ்க் குறியீட்டு முறை. அதில் தமிழ் எழுத்துகளும் கொம்பு, கால் போன்ற துண்டுகளும் 128-லிருந்து 255-க்குள் இருக்கும் எண்கள். கண்ணுக்குத் தெரிகிற வரிசையிலேயே அவை கோப்பிலும் இருக்கும். 'கொ' என்றால் முதலில் கொம்பு, அப்புறம் க, அப்புறம் கால். யூனிக்கோடில் க முதலில் வரும், உயிர்க்குறி பின்னால் வரும். இன்றைய எடிட்டர்கள் சில, எந்தக் கோப்பையும் யூடிஎஃப்-8 (யூனிக்கோடைக் கோப்பில் பதியும் முறை) என்றே எடுத்துக்கொண்டு திறக்கின்றன. புரியாத எண்ணுக்கெல்லாம் கேள்விக்குறி காட்டுகின்றன. அதுவரை கெடுதல் இல்லை, மூடிவிட்டால் கோப்பு பழையபடியே இருக்கும். நீங்கள் சேமித்துவிட்டீர்கள். அந்தக் கணமே கவும் மவும் கொம்பும் காலும் ஒரே குறியாகிவிட்டன. எது எதுவாக இருந்தது என்பது இப்போது அந்தக் கோப்பிலேயே இல்லை, எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. நகல் எடுக்காமல் அப்பாவின் மூலக் கோப்பில் கைவைக்க எப்படி மனசு வந்தது? அவர் கைப்பட எழுதிய நோட்டாக இருந்தால் அதன்மேல் தண்ணீர் ஊற்றியிருப்பீர்களா?

கோபப்படுவதற்குக் காரணம் இருக்கிறது. மறைந்த நண்பர் ஒருவரின் சிறுகதைகளை இப்போது தொகுத்துக்கொண்டிருக்கிறேன். தொண்ணூறுகளின் கடைசியில் அவருடைய முதல் தொகுப்புக்கு மெய்ப்புப் பார்த்தது நான்தான். அந்த அச்சகத்தில் தங்களுக்கென்றே ஓர் எழுத்துரு செய்து வைத்திருந்தார்கள். வேறு எதனோடும் ஒத்துப்போகாத குறியீடு. வேலை முடிந்ததும் சிடியில் பதிந்து, உறைமேல் புத்தகத்தின் பெயரை அழகாக எழுதிக் கொடுத்தார்கள். அந்த சிடி இன்றும் நன்றாகத் திறக்கிறது. எழுத்துரு மட்டும் ஒருவரிடமும் இல்லை. பழைய குறியீட்டை யூனிக்கோடாக்கும் எந்தக் கன்வெர்ட்டரிலும் அதற்கு அட்டவணை இல்லை. நானும் அவரும் இரவெல்லாம் சண்டை போட்டுத் திருத்திய வரிகள், திரையில் அர்த்தமில்லாத ஐரோப்பிய எழுத்துகளாக ஓடுகின்றன. இப்போது நூலகப் பிரதியை வைத்துக்கொண்டு முதலிலிருந்து தட்டச்சு செய்கிறோம்.

தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தரும் மதுரைத் திட்டம் 1998 பொங்கலன்று தொடங்கியது. அதன் ஆரம்பகால மின்னூல்கள் பலவும் திஸ்கியில்தான் வந்தன. அவர்கள் அவற்றைப் பின்னால் யூனிக்கோடுக்கு மாற்றினார்கள். அதனால்தான் இன்றைக்கு அவற்றைக் கைபேசியில் படிக்கிறோம். அந்த வேலையைச் செய்தவர்கள் தமிழுக்குச் செய்தது சாதாரணக் காரியம் இல்லை.

ஆக, முதலில் எல்லாக் கோப்புகளுக்கும் நகல். நகலை மட்டும் என்.எச்.எம். கன்வெர்ட்டர், பொங்குதமிழ் போன்ற குறியீடு மாற்றிகளில் கொடுத்து யூனிக்கோடுக்கு மாற்றி, சாதாரண டெக்ஸ்ட் கோப்பாக யூடிஎஃப்-8-இல் சேமியுங்கள். மூலத்தையும் எழுத்துருவையும் சேர்த்து வேறோர் இடத்தில் வையுங்கள். யாராவது பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்துக் கொடுத்த கட்டுரை இருந்தால் இன்னும் கவனம் தேவை. 'ர்' வரவேண்டிய இடத்தில் காலைப் போட்டுப் புள்ளி வைத்திருப்பார்கள். பார்வைக்கு வித்தியாசம் தெரியாது, தேடினால் 'அவர்' கிடைக்காது. மாற்றியதை அப்பாவே ஒருமுறை படிக்கட்டும். மடைகளின் பெயரில் பிழை வந்தால் அவர் கண்ணுக்குத்தான் படும்.

கெடுத்த அந்தக் கட்டுரையை எங்கே வைத்துச் சேமித்தீர்கள் என்று எழுதவில்லை. புதிய கணினிக்கு நகலெடுத்த பிறகு என்றால் அசல் பழைய டிஸ்கிலேயே இருக்கும், இன்றைக்கே பாருங்கள். டிஸ்கிலேயே நேராகத் திறந்து சேமித்திருந்தால், அச்செடுத்த பிரதி ஏதாவது இருக்கிறதா என்று அப்பாவிடம் கேளுங்கள். என்ன செய்தீர்கள் என்பதையும் மறைக்காமல் அவரிடம் சொல்லிவிடுங்கள்.

அன்புடன்,
அக்கா