காணியை ஈடு வைக்க வேண்டாம், அம்மா

களுவாஞ்சிகுடியிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். மகன் உயர்தரத்தில் கணிதப் பிரிவில் சித்தியடைந்தும், பொறியியல் பீடத்துக்கு, பல்கலைக்கழகத் தெரிவுக்கான இசட் புள்ளி போதவில்லை. வயற்காணியை ஈடு வைத்துக் கொழும்பில் தனியார் பட்டம் படிக்க வைக்கும்படி பெரியப்பா வற்புறுத்துகிறார். பிள்ளையோ மாமாவின் வெல்டிங் பட்டறையே கதியென்று கிடக்கிறான்.

உங்கள் கவலை விளங்குகிறது, அம்மா. ஆனால் ஈடு வைப்பதற்கு நான் உடன்பட மாட்டேன். அந்த வயலை நம்பித்தான் உங்கள் அடுப்பு எரிகிறது. அந்தப் பட்டத்தை இலங்கைப் பொறியியலாளர் நிறுவனம் அங்கீகரித்திருக்கிறதா என்றாவது பெரியப்பா விசாரித்தாரா? மறுபடி பரீட்சை எழுதுவது, அரச வேலைக்குக் காத்திருப்பது பற்றியெல்லாம் நீங்கள் அறிவீர்கள். அவற்றை விடுகிறேன்.

கடிதத்தில் நீங்கள் குறையாகச் சொன்ன ஒன்றுதான் என்னை நிமிர வைத்தது. கோணலான காணியில் எழும் கடைக் கட்டடத்தில், உத்தரம் ஒன்று தூணில் நேராகச் சேராமல் பக்கவாட்டில் சரிந்து சேர்ந்ததாம். இடைவெளியில் கம்பித் துண்டைத் திணித்து மேலே வெல்டிங் பிடிக்கச் சொன்ன மாமாவோடு மல்லுக்கட்டி, வெட்டி மறுபடி பொருத்தினானாம். அவன் செய்தது சரி. அப்படிப்பட்ட மூட்டில் ஒரு புறம் கோணம் ஒடுங்கி, வெல்டிங் கூர் அடிவரை எட்டாது. மறுபுறம் வாய் பிளந்து நிற்கும். கட்டடம் அதிரும்போது சரிந்த உத்தரம் தூணை வளைப்பதோடு முறுக்கவும் செய்யும்.

1994 ஜனவரி 17 அன்று லொஸ் ஏஞ்சல்ஸ் அருகே நோர்த்ரிட்ஜில் 6.7 அளவிலான நிலநடுக்கம் வந்தது. வளைந்து கொடுக்கும் என்று நம்பப்பட்ட உருக்குச் சட்டகக் கட்டடங்களில், நூற்றுக்கும் மேற்பட்டவற்றில் உத்தரமும் தூணும் சேரும் வெல்டிங் வெடித்திருந்தது, பெரும்பாலும் உத்தரத்தின் கீழ்ப்பக்கத்தில். கட்டடங்கள் நின்றுகொண்டிருந்ததால், மேற்பூச்சை அகற்றிய பிறகே பல வெடிப்புகள் தெரிந்தன. நேரான மூட்டுகளுக்கே அந்தக் கதி.

இதைக் கண்டுபிடிப்பதே ஒரு தொழில்: வெல்டிங் பரிசோதனை. இரும்பின் மேல் பசை தடவி, விரல் நீளக் கருவியை நகர்த்தி, காதுக்குக் கேட்காத ஒலியலையை உள்ளே அனுப்புவார்கள். உள்ளே வெடிப்போ வெற்றிடமோ இருந்தால் எதிரொலி திரையில் கூராக எழும். அது குறையா, வெறும் மூலை எதிரொலியா என்று பிரித்தறியக் கோணக் கணக்கு வேண்டும். வெல்டிங் பிடித்த அனுபவமும் வேண்டும். உங்கள் மகனிடம் இரண்டும் இருக்கின்றன. மட்டக்களப்பில் நிலநடுக்கம் அரிது என்பீர்கள். 1978 நவம்பர் சூறாவளி நம் கூரைகளை என்ன செய்தது என்று ஊர்ப் பெரியவர்களைக் கேளுங்கள். காற்றும் பலவீனமான மூட்டைத்தான் தேடும்.

முதலில் மட்டக்களப்பிலேயே அரச பயிற்சி நிலையம் ஒன்றில் வெல்டிங்கில் தேசிய தொழிற்தகைமை நான்காம் மட்டம்வரை முடிக்கட்டும். செலவு சிறிது, வீட்டுச் சோறும் கிடைக்கும். அதன்பின் இலங்கை அணுசக்திச் சபையின் களனி நிலையத்தில், பொருளைச் சிதைக்காமல் சோதிக்கும் பயிற்சி இருக்கிறது. கட்டணத்தையும் அடுத்த வகுப்பு எப்போது என்பதையும் முன்கூட்டியே கேளுங்கள். பட்டம்தான் வேண்டுமென்றால், தொழிற்தகைமை ஐந்தும் ஆறும் தாண்டி இரத்மலானையிலுள்ள தொழில்சார் தொழில்நுட்பவியல் பல்கலைக்கழகத்துக்கு வழி திறந்திருக்கிறது.

இந்த வாரமே அவன் கண்ணைப் பரிசோதித்துக்கொள்ளட்டும். அருகிலுள்ளதைத் தெளிவாகப் பார்க்கும் திறன் இத்தொழிலில் கட்டாயம். பெரியப்பா மறுபடி வந்தால், ஈட்டுக் கடனின் மாதத் தவணையை யார் கட்டுவது என்று தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள்.