ஆறு வயதுப் பையன் டிவியை விட்டு நகர மாட்டேன் என்கிறான். கிரிக்கெட் அகாடமியில் சேர்த்தால் இந்தப் பழக்கம் போகுமா?

விளையாட்டு கற்றுக்கொள்ளட்டும் என்று சேர்த்தால் தாராளமாகச் சேருங்கள். டிவியை நிறுத்துவதற்காக மட்டும் என்றால் கொஞ்சம் பொறுங்கள். நீங்கள் இருவரும் வேலைக்குப் போகிறீர்கள், பள்ளி வேன் நாலரைக்கு இறக்கிவிடுகிறது, வீட்டில் பெரியவர்கள் பார்த்துக்கொள்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். மதுரையில் எங்கள் வீட்டு நிலைமை அது.

என் மகளுக்கு ஒன்பது வயது, மகனுக்கு ஆறு. மகளை ஏழு வயதில் ஷட்டில் வகுப்பில் சேர்த்தோம். காரணம் நீங்கள் சொல்கிற அதே டிவிதான். ஒரு கோர்ட்டுக்கு ஏகப்பட்ட பிள்ளைகள். வரிசையில் நின்று, முறை வந்ததும் கோச் போடுகிற இறகுப் பந்தை நாலைந்து தடவை அடித்துவிட்டு மறுபடி வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும். நிற்கும்போது பக்கத்துப் பிள்ளையோடு பேசினால் அதட்டல். மாதக் கட்டணம், ராக்கெட், ஷூ, ஜெர்சி என்று செலவு தனி. வீட்டுக்கு வந்ததும் "டயர்டா இருக்கும்மா" என்று அதே சோபாவில் அதே கார்ட்டூன். அவளிடம் குறைந்தது டிவி நேரம் இல்லை, தெருவில் விளையாடிய நேரம்தான்.

கோச்சைக் குறை சொல்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். மாவட்டப் போட்டிக்குப் போகிற பிள்ளைகளுக்காக விடியற்காலையிலேயே வந்து நிற்கிற மனிதர் அவர். அந்தப் பிள்ளைகளுக்கு அகாடமி வேண்டும். சின்னப் பிள்ளைகளுக்கு வேண்டியது ஓட்டம். 5 முதல் 17 வயது வரை உள்ளவர்கள் நாளுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது மூச்சு வாங்குகிற அளவுக்கு ஓடியாட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. வாரத்தில் மூன்று நாள் வரிசையில் நிற்பது அந்தக் கணக்கில் எப்படிச் சேரும்?

சொந்தக்காரர்கள் உடனே பிரக்ஞானந்தாவைக் காட்டுவார்கள். டிவி பார்ப்பதைக் குறைக்க அவர் அக்கா வைஷாலியைச் செஸ் வகுப்பில் சேர்த்தார்கள் என்பது உண்மை. தம்பி 2018இல் 12 வயதிலும், அக்கா 2023இலும் கிராண்ட்மாஸ்டர் ஆனார்கள். சென்னைப் பிள்ளைகள் என்று எனக்கும் பெருமைதான். ஆனால் அந்தக் கதையில் எல்லோரும் தாண்டிப் போகிற ஒன்று உண்டு. தம்பி செஸ் பக்கம் வந்தது அக்கா ஆடியதைப் பார்த்து. பலகைக்கு எதிரே உட்கார வீட்டிலேயே ஓர் ஆள் இருந்தது.

என் மகன் விஷயத்தில் நடந்ததும் அதுதான், அதுவும் டிவி வழியாகவே நடந்தது. மாமனார் வாலிபத்தில் எங்கள் ஊர்ப் பொங்கல் போட்டிகளில் சடுகுடு ஆடியவர். புரோ கபடி வந்தால் தமிழ் தலைவாஸ் ஆட்டத்தை விட மாட்டார். பேரன் மடியில் உட்கார்ந்து கேள்வி கேட்பான். எதற்கு அந்தக் கோட்டைத் தொட்டார், எதற்கு ஒரு பாயிண்ட் என்று. எதிரணிப் பக்கம் பாடிக்கொண்டே போகிற ரெய்டு 30 வினாடிக்குள் முடிய வேண்டும், போனஸ் கோட்டைத் தாண்டும்போது ஒரு கால் தூக்கியிருக்க வேண்டும் என்றெல்லாம் தாத்தா சொல்லிக்கொடுத்தார். "மூச்சு விடாம பாடணும்டா, அதான் ஆட்டமே" என்று அவர் பாடிக் காட்டியதைக் கேட்டு என் மகள் கார்ட்டூனை மறந்து வந்து உட்கார்ந்தாள். அப்புறம் ஹாலில் மெத்தையைப் போட்டு ஆட்டம். பிறகு எதிர் வீட்டுப் பையன்கள் வந்தார்கள், ஆட்டம் வாசல் மணலுக்குப் போனது. தாத்தா நாற்காலி போட்டு நடுவர். முட்டியில் சிராய்ப்பு இல்லாத நாள் குறைவு. இப்போது நாலரைக்கு வேனில் இருந்து இறங்கியதும் என் மகன் முதலில் தேடுவது எதிர் வீட்டுக் கேட்டைத்தான். சென்னை கண்ணகி நகர் கபடி வீராங்கனை கார்த்திகா 2025இல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் இந்திய அணியோடு தங்கம் வாங்கி வந்தபோது என் மகள் அந்தச் செய்தியை எல்லோரிடமும் போய்ச் சொன்னாள்.

டிவியையே தூக்கிப் போடுங்கள் என்று கீழே எழுத வருகிறவர்களுக்கு ஒன்று. அந்த டிவி என் மாமியாருடையதும்தான். முட்டிவலியோடு வீட்டுக்குள்ளேயே இருக்கிறவருக்குச் சாயங்கால சீரியல்தான் துணை. அதைப் பிடுங்க எனக்கு மனசு வராது. பிள்ளைகளுக்கு ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் அரை மணி நேரம் கார்ட்டூன் உண்டு. அதற்குள் சண்டை வரும், அழுகை வரும், அதெல்லாம் இல்லை என்று சொல்ல மாட்டேன்.

எனக்கு உண்மையில் கோபம் வேறு இடத்தில். வாரத்துக்கு ஒரே ஒரு விளையாட்டுப் பீரியட், தேர்வு வந்தால் அதையும் கணக்கு டீச்சர் எடுத்துக்கொள்கிறார். கேட்டால் "போர்ஷன் முடியலைங்க" என்கிறார்கள். எங்கள் தெருவில் குழாய் பதிக்கத் தோண்டிய பள்ளம் பாதி மூடியும் மூடாமலும் கிடக்கிறது. யாரைக் கேட்டாலும் அடுத்த ஆளைக் கை காட்டுகிறார்கள். மழை பெய்தால் வாசலிலேயே சேறு, பிள்ளைகளை எங்கே அனுப்புவது? அந்த நாட்களில் டிவி ஓடத்தான் செய்யும். அதற்காக அம்மாக்களை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பொறுப்பதில்லை.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். பணம் கட்டுவதற்கு முன் ஒரு சாயங்காலம் அந்த அகாடமியில் போய் உட்காருங்கள். உங்கள் மகன் வயதுப் பையன் ஒருவனை மட்டும் கவனியுங்கள். எவ்வளவு நேரம் மட்டை அவன் கையில் இருக்கிறது, எவ்வளவு நேரம் ஓடுகிறான், பக்கத்தில் நிற்கிறவனோடு சிரிக்கவாவது விடுகிறார்களா என்று பாருங்கள். அவன் பெரும்பாலும் நின்றுகொண்டே இருந்தால், அந்தப் பணத்தில் ஒரு ரப்பர் பந்து வாங்கி, உங்கள் தெருவில் அவன் வயதுப் பிள்ளைகள் யார் யார் என்று விசாரியுங்கள். ஓடுகிறான், சிரிக்கிறான் என்றால் சேர்த்துவிடுங்கள். ஷூ, பேட் எல்லாம் அப்புறம் வாங்கிக்கொள்ளலாம்.