ஒசெய் டூட்டூவின் பொற்பீடம்: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

மேற்கு ஆப்பிரிக்காவில், இன்றைய கானாவில் இருந்த அசாந்தே பேரரசு பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். வானத்திலிருந்து பொற்பீடம் இறங்கி அதன் முதல் பேரரசர் ஒசெய் டூட்டூவின் மடியில் அமர்ந்தது என்ற கதைக்கு அவ்வளவு இடம் தேவையா? துப்பாக்கி கிடைத்தது, டென்கிரா என்ற அண்டை அரசை ஜெயித்தார், பேரரசரானார். அவ்வளவுதானே?

ரா.

அன்புள்ள ரா.,

துப்பாக்கி இருந்தது உண்மைதான். பொன்னையும் போர்க்கைதிகளையும் கடற்கரை ஐரோப்பியர்களிடம் விற்று வாங்கியவை அவை. அந்தக் கைதிகள் அடிமைக் கப்பல்களில் ஏற்றப்பட்டார்கள். அதை மறைத்துவிட்டு இந்த அரசரைப் புகழ எனக்கு மனம் வராது. ஆனால் 1701-ல் ஃபெயாசேயில் டென்கிராவை வென்றது ஒரே நாட்டின் படை அல்ல. அதற்குக் கப்பம் கட்டிக் கட்டி வெறுத்துப்போன பல சிற்றரசுகள், குமாசித் தலைவரான ஒசெய் டூட்டூவின் பின்னால் திரண்டிருந்தன. எதிரி ஒழிந்ததும் இப்படிப்பட்ட கூட்டு உடைந்துபோகும். இது உடையவில்லை. காரணம் அந்தப் பொற்பீடம்.

அங்கே ஒவ்வொரு தலைவனுக்கும் அதிகாரத்தின் அடையாளமாக மூதாதையரின் பீடம் உண்டு. ஒருவன் பீடத்துக்கு இன்னொருவன் எதற்குப் பணிய வேண்டும்? ஒசெய் டூட்டூவின் பூசாரி அனோச்சே வரவழைத்த பீடமோ எந்தக் குலத்துக்கும் சொந்தமில்லை. மக்கள் எல்லோருடைய உயிரும் அதில்தான் இருக்கிறது என்றார் அவர். அதைவிடப் பழையது எதுவும் இருக்கக்கூடாது என்று, பழைய அரசுச் சின்னங்களை ஆற்றுப்படுகையில் புதைத்ததாக மரபு சொல்கிறது. அப்புறம் ஒரு சட்டம்: அடுத்தவனின் பூர்வீகத்தை யாரும் கிளறக்கூடாது. தோற்று வந்து சேர்ந்தவனும் அசாந்தேதான். என் கணக்கில் இது ஃபெயாசே வெற்றியைவிடப் பெரியது.

அந்தப் பீடத்தில் அரசர்கூட உட்காருவதில்லை. அது தரையிலும் படக்கூடாது. அதற்கென்றே தனி ஆசனம். 1900-ல் பிரிட்டிஷ் ஆளுநர் ஹாட்ஜ்சன் குமாசிக்கு வந்து, தான் உட்கார அதை ஏன் கொண்டுவரவில்லை என்று கேட்டார். 1896-ல் அசாந்தே அரசர் பிரெம்பேயை பிரிட்டிஷார் பிடித்துக்கொண்டு போனபோது சண்டையிடாத மக்கள், இதற்கு ஆயுதம் எடுத்தார்கள். எஜிசுவின் ராஜமாதா யா அசான்டேவா முன்னே நின்றார். தோற்றார்கள், ஆனால் பீடத்தை விட்டுக்கொடுக்கவில்லை. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழித்து, மறைவிடம் தெரியவந்து சிலர் அதன் பொன் அணிகளைத் திருடியபோது நாடே துக்கம் காத்தது. திருடர்களை விசாரித்தவர்கள் அசாந்தே தலைவர்கள். பீடத்தைக் கேட்பதையே பிரிட்டிஷ் அரசு விட்டுவிட்டது. 1935-ல் அசாந்தே கூட்டரசை மறுபடி நிறுவ அனுமதித்ததும் அதே அரசுதான்.

அன்புடன்.