பன்னிரண்டு பிரெட் துண்டுகள்

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். எனக்குத் திருமணமாகி நான்கு மாதம் ஆகிறது. நாங்கள் குடிவந்திருக்கும் அடுக்குமாடி வீட்டில் சமையலறை மிகச் சின்னது. மேடையில் ஒரு செய்தித்தாளை விரித்தால் இடம் முடிந்துவிடும். ஆனால் சுவரோடு பதித்த ஓவன் ஒன்று வீட்டோடு வந்தது. பிறந்த வீட்டில் அடுப்பு மட்டும்தான், ஓவன் கிடையாது. அதனால் ஆசை ஆசையாக ஆரம்பித்தேன்.

முதல் கேக் ஓரமெல்லாம் கறுத்து, நடுவில் குழி விழுந்தது. குறிப்பில் 9 அங்குல டின் என்று இருந்தது, என்னிடம் இருந்தது 7 அங்குலம். உள்ளே என்ன ஆகிறதோ என்று நாலைந்து தடவை கதவைத் திறந்து பார்த்தேன். அடுத்தது குக்கீஸ். பேக்கிங் பவுடர் தீர்ந்துபோனதால் அதே அளவு பேக்கிங் சோடா போட்டேன். சோப்பு மாதிரி இருந்தது. மூன்றாவது பிரெட். கொதித்து இறக்கிய பாலில் ஈஸ்ட்டைக் கரைத்தேன். மூன்று மணி நேரம் வைத்தும் மாவு எழும்பவே இல்லை. சுட்டு எடுத்தால் செங்கல்.

என் கணவர் மூன்றையும் சாப்பிட்டார். மூன்றுக்கும் "நல்லா இருக்கு" என்றார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. எனக்குக் கைராசி இல்லையா, இல்லை ஓவனில் கோளாறா? ஸ்டாண்ட் மிக்சர் வாங்கினால் சரியாகுமா? வகுப்பில் சேர வேண்டுமா?

அன்புடன்,
ம.

*

அன்புள்ள ம.,

டின் அளவு, சோடா, கொதித்த பால் என்று எதையும் விடாமல் எழுதியிருக்கிறீர்கள். பெரும்பாலோர் "கேக் சரியா வரல" என்று ஒரு வரியோடு நிறுத்திக்கொள்வார்கள். நடந்ததை நடந்தபடி கவனித்து வைப்பவருக்கு பேக்கிங் சீக்கிரம் பிடிபடும். உங்கள் மூன்று தோல்விக்கும் காரணம் கடிதத்திலேயே இருக்கிறது. கைராசியை இதில் இழுக்க வேண்டாம்.

மிக்சர் இப்போது வேண்டாம். இருக்கிற மேடையையும் அது அடைத்துக்கொள்ளும். வகுப்பு பிறகு பார்த்துக்கொள்ளலாம். இரண்டு சின்னச் சாமான்கள் மட்டும் வாங்குங்கள்: கிராம் காட்டும் ஒரு தராசு, ஓவனுக்குள்ளேயே தொங்கவிடும் ஒரு வெப்பமானி. புதுக் குறிப்புகளைத் தேடுவதையும் கொஞ்ச நாளைக்கு நிறுத்துங்கள். முதலில் உங்கள் ஓவனைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

முன்பு இருந்த இடத்தில் எனக்கும் இப்படி வீட்டோடு வந்த ஓவன்தான். திருகியில் 180 என்று வைப்பேன், குறிப்பில் சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே மேல்பக்கம் கருகிவிடும். மாதக்கணக்கில் என் கையைத்தான் சந்தேகப்பட்டேன். கடைசியில் வெப்பமானியை வாங்கி உள்ளே வைத்துப் பார்த்தால் 205 காட்டுகிறது. அன்றைக்கு எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஆறுதலில் வந்த அழுகை.

ஓவன் ஒரே சூட்டில் நிற்பதில்லை. வைத்த அளவைத் தாண்டியதும் கம்பி அணையும், சூடு இறங்கியதும் மறுபடி எரியும். இப்படி ஏறி இறங்கிக்கொண்டேதான் இருக்கும். சூடாகிவிட்டது என்று விளக்கு சொன்ன உடனே டின்னை உள்ளே தள்ளிவிடாதீர்கள். அப்போது காற்று மட்டும்தான் சூடாகியிருக்கும், சுவர்கள் இன்னும் சூடேறியிருக்காது. ஒரு பத்து பதினைந்து நிமிடம் பொறுங்கள். காற்றாடி ஓடும் வகையாக இருந்தால், குறிப்பில் உள்ள சூட்டிலிருந்து 20 டிகிரி குறைத்து வையுங்கள். வெப்பமானி வந்து சேரும் வரை சர்க்கரையை வைத்துப் பார்க்கலாம். சர்க்கரை உருகுவது கிட்டத்தட்ட 186 டிகிரியில். ஒரு ஸ்பூன் சர்க்கரையை அலுமினியத் தாளில் பரப்பி 175-இல் கால் மணி நேரம் வையுங்கள். உருகினால் ஓவன் அதிகச் சூடு. 190-இல் கால் மணி நேரம் வைத்தும் உருகாவிட்டால் சூடு போதவில்லை.

அப்புறம் பிரெட் துண்டுச் சோதனை. கடையில் வாங்கிய சாதாரண வெள்ளை பிரெட்டே போதும். நான் பன்னிரண்டு துண்டுகளை வரிசைக்கு நாலாக மூணு வரிசையாக நடுத்தட்டுக் கம்பியில் இடைவெளியில்லாமல் அடுக்கினேன். 180-இல் எட்டு நிமிடம். வெளியே எடுத்து, இருந்த வரிசை கலையாமல் மேஜைமேல் வைத்தோம். பின்பக்க இடது மூலைத் துண்டு காப்பிக்கொட்டை நிறத்தில் இருந்தது. அதற்குப் பக்கத்தில் இருந்தது பொன்னிறம். நடுவில் இருந்த இரண்டும் லேசான மஞ்சள். கதவோரம் இருந்த நான்கும் போட்ட மாதிரியே வெள்ளையாக இருந்தன. என் கணவர் ஒவ்வொன்றையும் புரட்டி அடிப்பக்கத்தையும் பார்த்தார். பிறகு ஒரு தாளில் பன்னிரண்டு கட்டம் போட்டு, பென்சிலால் அழுத்தியும் லேசாகவும் தீட்டி, அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டினார். அந்த வீட்டைக் காலி செய்தபோது அதைக் கிழித்துப் போட மனம் வரவில்லை. மடித்து எடுத்து வந்தேன்.

பிரெட்டில் நிறம் ஏறுவது சும்மா வறுபடுவதால் வருவதில்லை. மாவில் உள்ள புரதமும் சர்க்கரையும் சூட்டில் ஒன்றோடொன்று வினைபுரிவதால்தான் அந்த நிறமும் அந்த மணமும். 1912-இல் லூயி கமீல் மையார் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் இதை விவரித்து எழுதினார். இன்றும் அவர் பெயரில்தான் வழங்குகிறது. ஏறக்குறைய 140 டிகிரியைத் தாண்டினால் இது வேகம் பிடிக்கும். ஆகவே ஒவ்வொரு துண்டும், தான் இருந்த இடத்தில் எவ்வளவு சூடு என்று நிறத்திலேயே எழுதிக் காட்டிவிடுகிறது. இந்தப் படம் கையில் இருந்தால் டின்னை எங்கே வைப்பது, பாதி வெந்ததும் எந்தப் பக்கம் திருப்புவது என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை.

சரி, உங்கள் கேக்குக்கு வருகிறேன். 9 அங்குல வட்ட டின்னின் பரப்பு ஏறக்குறைய 64 சதுர அங்குலம். உங்கள் 7 அங்குல டின்னுக்கு 38 சதுர அங்குலம்தான். இரண்டு அங்குலம்தானே குறைவு என்று தோன்றும். ஆனால் அதே மாவு உங்கள் டின்னில் ஒன்றரை மடங்குக்கும் மேல் உயரமாக நிற்கும். ஓரம் வெந்து கறுக்கும்போது நடு இன்னும் கூழாகத்தான் இருக்கும். கேக் எழும்பி நிற்பதற்கு முட்டையின் புரதம் இறுக வேண்டும், மாவின் ஸ்டார்ச் நீரை உறிஞ்சிக் கெட்டிப்பட வேண்டும். அது ஆகும் முன்னால் கதவைத் திறந்தால் சூடு சட்டென்று இறங்கும், உள்ளே விரிந்திருந்த காற்று சுருங்கும், தாங்கிப் பிடிக்க ஒன்றும் இல்லாததால் நடு அமுங்கும். சொன்ன நேரத்தில் முக்கால்வாசி ஆகும்வரை கதவைத் தொடாதீர்கள். உள்விளக்கைப் போட்டுக் கண்ணாடி வழியாகப் பாருங்கள். பார்க்காமல் இருக்க முடியாது என்பது எனக்கும் தெரியும்.

இரண்டு பேர் இருக்கும் வீட்டுக்கு 9 அங்குலக் கேக் எதற்கு? நாலு நாள் அதையே சாப்பிட்டு அலுத்துப்போவீர்கள். ஒரு 6 அங்குல டின் வாங்கிக்கொள்ளுங்கள். 8 அங்குலக் குறிப்பு எதையும் பாதியாக்கினால் அதில் ஏறக்குறைய சரியாக உட்காரும். பழகுவதற்கு நான் சொல்லும் கேக் இது. இரண்டு முட்டையை ஓட்டை நீக்கி நிறுங்கள். 100 கிராம் வந்தால் வெண்ணெய் 100, சர்க்கரை 100, மைதா 100. முக்கால் டீஸ்பூன் பேக்கிங் பவுடர், ஒரு சிட்டிகை உப்பு. இங்கிலாந்தில் நாலையும் ஒவ்வொரு பவுண்டு எடுத்துச் செய்த பழைய கேக்கின் கணக்குதான் இது. பவுண்ட் கேக் என்ற பெயரே அதனால் வந்தது.

வெண்ணெய் விரல் வைத்தால் பள்ளம் விழும் பதத்தில் இருக்க வேண்டும், உருகியிருக்கக் கூடாது. முட்டையை ஒரு மணி நேரம் முன்பே வெளியே எடுத்து வையுங்கள். வெண்ணெயையும் சர்க்கரையையும் நிறம் வெளுத்து இலேசாகும் வரை அடியுங்கள். ஒரு சாதாரண மரக்கரண்டி போதும், கை வலிக்கும், பரவாயில்லை. முட்டையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள். மாவு சேர்த்த பிறகு அடிக்கவே கூடாது. நீரோடு சேர்ந்த கோதுமை மாவை அடிக்க அடிக்க அதில் உண்டாகும் குளூட்டன் என்ற இழுபடும் புரதம் வலுவாகும். பிரெட்டுக்கு அது வேண்டும், கேக்கை ரப்பராக்கிவிடும். வெள்ளை மாவு கண்ணில் படாமல் போகும் வரை மட்டும் மடித்துக் கலந்தால் போதும். 170 டிகிரியில் 35 முதல் 40 நிமிடம். கப்பை நம்பாமல் தராசை நம்பச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஒரு கப் மைதாவைத் தளர்வாகக் கொட்டினால் 120 கிராம் இருக்கும், பாத்திரத்துக்குள் விட்டு அழுத்தி அள்ளினால் 150 தாண்டும். அந்த 30 கிராம் வித்தியாசத்தில் கேக் வறண்டுபோகும்.

இதே கேக்கை நாலு முறை செய்யுங்கள். ஒவ்வொரு முறையும் ஒன்றே ஒன்றை மட்டும் மாற்றுங்கள்: தட்டை ஒரு படி இறக்கிப் பாருங்கள், அல்லது 10 டிகிரி குறையுங்கள். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாமல் போய்விடும்.

சோடா விஷயம் சுருக்கமாகச் சொல்கிறேன். பேக்கிங் சோடா தனியாக வேலை செய்ய தயிர், எலுமிச்சைச் சாறு போல ஏதாவது புளிப்பு வேண்டும். பேக்கிங் பவுடரில் அந்தப் புளிப்பும் சேர்ந்தே இருக்கிறது. அளவுக்கு அளவு சோடா மூன்று நான்கு மடங்கு வீரியமானது. கூடுதலாகப் போட்டால் மிஞ்சியது சூட்டில் சோடியம் கார்பனேட்டாக மாறும். அதுதான் நீங்கள் சொன்ன சோப்புச் சுவை. பேக்கிங் பவுடரின் கதை எனக்கு மிகவும் பிடித்தது. பர்மிங்காமில் மருந்து தயாரிப்பவராக இருந்த ஆல்ஃபிரெட் பேர்டின் மனைவிக்கு ஈஸ்ட்டும் முட்டையும் ஒத்துக்கொள்ளாது. பேர்ட் 1837-இல் முட்டை சேராத கஸ்டர்டைச் செய்தார், 1843-இல் ஈஸ்ட் இல்லாமலே பிரெட்டை எழும்பச் செய்யும் பவுடரையும் செய்தார். இரண்டும் மனைவி சாப்பிடுவதற்காகச் செய்தவை. ஒரு வீட்டுக்குள் நடந்த இந்த முயற்சிதான் இன்று உங்கள் அலமாரி டப்பாவில் இருக்கிறது.

இப்போது உங்களைத் தாங்க முடியாமல் செய்த அந்த "நல்லா இருக்கு". அவர் பொய் சொல்லவில்லை என்றுதான் நினைக்கிறேன். நீங்கள் வியர்த்து விறுவிறுத்துக் கொண்டுவந்து வைக்கிறீர்கள், முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறீர்கள். அவருக்கு வேறு என்ன சொல்லத் தெரியும்? என் வீட்டிலும் முதல் சில மாதம் இதே பேச்சுதான். ஒரு நாள் என் கணவர் ஒரு துண்டை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "மேல் பாதி பஞ்சு மாதிரி இருக்கு, அடியில ஒரு விரல்கடை ஈரமா இருக்கு பாரு" என்றார். எனக்கு முதலில் சுருக்கென்றது. அடுத்த வாரம் தட்டை ஒரு படி கீழே இறக்கினேன், அந்த ஈரப் பட்டை மறைந்தது. அத்தனை "நல்லா இருக்கு"களும் செய்யாததை அந்த ஒரு வாக்கியம் செய்தது.

அதனால் எப்படி இருக்கு என்று கேட்காதீர்கள். எந்த இடம் நல்லா இருக்கு, எந்த இடம் சரியில்லை என்று கேளுங்கள். இடத்தைக் காட்டச் சொன்னால் யாருக்கும் உண்மையைச் சொல்லச் சங்கடம் இருக்காது. அவரையும் சமையலறைக்குள் கூப்பிடுங்கள். தராசில் நிறுக்கட்டும், பிரெட் துண்டை அடுக்கட்டும். தானும் சேர்ந்து செய்ததைப் பற்றி மனிதர் தயங்காமல் பேசுவார்.

பிரெட்டை விட்டுவிடாதீர்கள். ஈஸ்ட் உயிருள்ளது. 55, 60 டிகிரியில் செத்துப்போகும். கொதித்து இறக்கிய பாலில் அது பிழைக்க வழியே இல்லை. கை பொறுக்கும் இளஞ்சூடு போதும், சாதாரணத் தண்ணீர்கூடப் போதும், நேரம் மட்டும் கொஞ்சம் கூடும். உங்கள் குட்டி மேடைக்கு, பிசையவே தேவையில்லாத முறை ஒன்று இருக்கிறது. நியூயார்க்கில் பேக்கரி நடத்திய ஜிம் லாஹியின் முறை, 2006-இல் ஒரு நாளிதழ் வழியாகப் பரவியது. அதையொட்டி இருவருக்கான என் அளவு: 250 கிராம் மைதா, 190 மில்லி தண்ணீர், 5 கிராம் உப்பு, இரண்டு சிட்டிகை ஈஸ்ட். கரண்டியால் கலந்து மூடி 12 மணி நேரத்துக்கு மேல் விட்டுவிடுங்கள். வெக்கையான நாளில் சீக்கிரமே தயாராகிவிடும். கடிகாரத்தைப் பார்க்காமல் மாவைப் பாருங்கள், இரட்டிப்பாகி மேலே குமிழ் விட்டிருக்க வேண்டும். மாவு தடவிய கையால் உருட்டி இன்னொரு மணி நேரம் விடுங்கள். கனமான மூடி போட்ட பாத்திரத்தை 230 டிகிரியில் அரை மணி நேரம் காயவிட்டு, மாவை அதற்குள் போட்டு மூடுங்கள். மூடி பிளாஸ்டிக் பிடி இல்லாததாக இருக்கட்டும். மாவிலிருந்து வரும் ஆவி உள்ளேயே நிற்பதால் மேல்தோல் சீக்கிரம் இறுகாது, பிரெட் நன்றாக எழும்பும். அரை மணி கழித்து மூடியை எடுத்துவிட்டு இன்னும் கால் மணி. நன்றாக ஆறிய பிறகு வெட்டுங்கள், சூட்டோடு வெட்டினால் உள்ளே பிசுபிசுக்கும். மிஞ்சியதை ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள். அந்தக் குளிரில்தான் ஸ்டார்ச் வேகமாக இறுகி பிரெட் வறண்டுபோகிறது. துண்டு போட்டு ஃப்ரீசரில் வைத்து, வேண்டும்போது அப்படியே டோஸ்ட் செய்துகொள்ளலாம்.

இதெல்லாம் அடுத்த மாதத்துக்கு. இந்த வாரம் கேக் வேண்டாம், பிரெட் சுடவும் வேண்டாம். கடையிலிருந்து ஒரு பாக்கெட் பிரெட் வாங்கி வந்து, இரண்டு பேரும் சேர்ந்து அடுக்கி எட்டு நிமிடம் வையுங்கள். எந்த மூலைத் துண்டு முதலில் கறுத்தது என்று எனக்கு எழுதுங்கள்.