காய்ச்சல் நாளில் காதல் படம்: உங்கள் கேள்விகளுக்கு என் பதில்

போன வாரம் வைரல் காய்ச்சலில் மூன்று நாள் படுத்தே கிடந்தேன். கஞ்சியும் ரசமும் குடித்துக்கொண்டு காதல் நகைச்சுவைப் படங்களாகப் பார்த்துத் தள்ளினேன். அதைப் பற்றி நீங்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

அக்கா, உடம்பு முடியாதபோது முதலில் எந்தப் படத்தைப் போடலாம்?

காதலிக்க நேரமில்லை. 1964-ல் ஸ்ரீதர் எடுத்த படம். நடுவில் அரை மணி நேரம் தூங்கிவிட்டாலும் கதை கைவிட்டுப் போகாது. கண்விழித்துப் பார்த்தால் முத்துராமன் நண்பனுக்காகப் போட்ட பணக்கார அப்பா வேஷத்தில்தான் இருப்பார், பெண்ணின் அப்பாவான பாலையாவும் அதை நம்பிக்கொண்டுதான் இருப்பார். நாகேஷ் பாலையாவுக்குப் பேய்க்கதை சொல்லும் காட்சிக்கு மட்டும் எழுந்து உட்கார்ந்துவிடுங்கள். எல்லோரும் நாகேஷைத்தான் புகழ்வார்கள், அது நியாயம்தான். ஆனால் இந்த முறை நான் பாலையாவை மட்டுமே பார்த்தேன். கதை நகர நகர அந்த முகத்தில் பயம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறுகிறது. கேட்பவர் அப்படிக் கேட்பதால்தான் சொல்பவரின் கதை பேய்க்கதை ஆகிறது.

ஆங்கிலத்தில் ஒன்று சொல்லுங்கள். யூவ் காட் மெயில் எப்படி?

1998-ல் வந்த அந்தப் படத்துக்கு மூத்தது ஒன்று உண்டு: 1940-ல் எர்ன்ஸ்ட் லூபிட்ச் எடுத்த தி ஷாப் அரவுண்ட் தி கார்னர். இரண்டுக்கும் மூலம் ஒரே ஹங்கேரிய நாடகம். இரண்டிலும் நாயகி உடம்பு சரியில்லாமல் படுத்திருக்க, நாயகன் பார்க்க வருகிறான்! புதியதில் மெக் ரயானுக்கு ஜலதோஷம். டாம் ஹேங்ஸ் டெய்சிப் பூக்களோடு வந்து நிற்கிறார். அழகான காட்சி.

ஆனாலும் என் மனசு பழையதிடம்தான். முகம் தெரியாத நண்பனின் கடிதம் வராத ஏக்கத்தில் அவள் படுத்துவிடுகிறாள். பிறகு கடிதம் வந்ததும், எழுதியவன் எதிரிலேயே உட்கார்ந்திருப்பது தெரியாமல், படித்து முகம் மலர்கிறாள். நாயகன் ஜேம்ஸ் ஸ்டூவர்ட் அந்தச் சந்தோஷத்தைப் பேசாமல் பார்த்துக்கொண்டிருப்பார். இருவரும் ஒரே கடையில் சம்பளத்துக்கு வேலை செய்பவர்கள் என்பதும் எனக்குப் பிடித்திருக்கிறது. புதியதில் அவனுடைய பெரிய புத்தகக் கடையால் அவளுடைய சின்னக் கடை மூடப்படுகிறது. அம்மா நடத்திய கடை அது. அதற்கப்புறமும் அவள் அவனை ஏற்றுக்கொள்வதை என்னால் முழு மனசோடு ஏற்க முடியவில்லை.

ரோமன் ஹாலிடேயில் கடைசியில் சேரமாட்டார்களே. காய்ச்சலில் அழுகை வந்துவிடாதா?

வரும். அதனால் இரண்டு தவணையாகப் பாருங்கள். தூங்குவதற்கு ஊசி போடப்பட்ட இளவரசி வெளியே நழுவி வந்து, ரோம் நகரத் தெருவோரம் தூங்கி வழிகிறாளே, அந்தப் பகுதியை மாத்திரை போட்டுக்கொண்டு பார்க்கும்போது அவளுடைய கண்சொக்கல் நமக்கும் வருகிறது. இளவரசியாக நடித்த ஆட்ரி ஹெப்பர்னுக்கு ஆஸ்கர் வாங்கித் தந்த படம். கடைசி அரை மணி நேரத்தைக் காய்ச்சல் விட்ட பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

அம்மா பக்கத்தில் இருக்கிறார். சதி லீலாவதி பார்க்கலாமா?

தாராளமாக. 1995-ல் பாலு மகேந்திரா எடுத்தது. கமலும் கோவை சரளாவும் பேசும் கொங்குத் தமிழுக்காகவே பார்க்கலாம். மனைவி லீலாவதியாக வரும் கல்பனாவின் குண்டான உடம்பை வைத்து வரும் கேலி மட்டும் இன்று உறுத்துகிறது. அதையும் தாண்டி அந்தப் படத்தைத் தாங்கிப் பிடிப்பவர் அவர்தான்.

ஃபோனில் பார்க்கலாமா, டிவியிலா?

தலைவலி இருந்தால் டிவி. தள்ளி உட்கார்ந்து, வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

நாயகியைத் துரத்தித் துரத்திக் காதலிக்கும் படம் ஒன்றுகூட உங்கள் பட்டியலில் இல்லையே, ஏன் அக்கா?

ஒன்றைப் போட்டுப் பார்த்தேன் தம்பி. அந்தப் பெண் முடியாது என்று மூன்று முறை சொல்லிவிட்டாள். அவன் மறுபடியும் பஸ் ஸ்டாப்பில் வந்து நிற்கிறான், பின்னணியில் சிரிப்பு இசை. எனக்குச் சிரிப்பு வரவில்லை, அவளுக்காகப் பயமாக இருந்தது. இருபதாவது நிமிடத்தில் நிறுத்திவிட்டு, பாலையா பயப்படும் காட்சியை மறுபடியும் போட்டேன்.