பதில்: அப்பாவின் மூளைக் கட்டிக்கு காந்த நானோ ஊசி

தங்கச்சி, இந்த ஊசிக்காக உப்புவெளிக் காணியை இப்போதைக்கு ஈடு வைக்காதீர்கள். காந்த நானோ ஊசியைக் கையில் ஏற்றினால் அது கட்டியைத் தேடிப் போய்ச் சூட்டால் அழிக்கும் என்று ஏஜென்ட் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். அதில் பாதி உண்மை, அதுதான் சிக்கல்.

இந்த ஊசியில் இருப்பவை நானோ துகள்கள், அதாவது கண்ணுக்கே தெரியாத மிக நுண்ணிய துகள்கள். ஒவ்வொன்றிலும் இரும்பு ஒக்சைட் கரு, மேலே சிலிக்கா போன்ற ஓர் உறை. மாறிக்கொண்டிருக்கும் காந்தப் புலத்தில் கரு சூடாகும். 43 பாகை செல்சியஸ் அளவில் புற்றுக் கலங்கள் நலியும். உறை துகள்களை ஒன்றோடொன்று ஒட்டித் திரள விடாது. ஆனால் "கையில் ஏற்றினால் கட்டியைத் தேடிப் போகும்" என்பது கதை. இரத்தத்தில் விட்டால் பெரும்பகுதியை ஈரலும் மண்ணீரலும் பிடித்துவிடும். 2010இல் ஐரோப்பாவில் மூளைக் கட்டிக்கு அனுமதி பெற்ற முறையில் துகள்களை நேரே கட்டிக்குள்ளேயே செலுத்தினார்கள், அதுவும் கதிர்ச் சிகிச்சையோடு சேர்த்து. அதை நடத்திய மாக்ஃபோர்ஸ் நிறுவனம் 2022இல் வங்குரோத்தாகிவிட்டது. இன்னொன்று, உள்ளே தங்கும் இரும்பு பிறகு எடுக்கும் எம்.ஆர்.ஐ. படத்தைக் கெடுக்கும். இதை அந்த ஏஜென்ட் சொன்னாரா?

மருந்தின் பெயர், எந்த நாட்டு அனுமதி, எந்த ஆஸ்பத்திரி என்று எழுத்தில் கேளுங்கள். தந்தால் அந்தத் தாளை மகரகம புற்றுநோய் ஆஸ்பத்திரி கிளினிக்கில் டொக்டரிடம் காட்டுங்கள். அப்பாவுக்குத் தந்த கதிர்ச் சிகிச்சைத் திகதியை மட்டும் இதற்காகத் தள்ளிப்போட வேண்டாம்.